கணக்குக் கேட்ட டாக்டர்



தோட்டத்துக் கோயிலில் திருவிழா முடிந்தபிறகு, அடுத்த சம்பள நாளை ஒட்டி ஒரு கூட்டம் நடக்கும். வரவு இவ்வளவு, செலவு இவ்வளவு என்று செயலாளர் எழுந்து நின்று படிப்பார். நாங்கள் வளர்ந்த தோட்டத்திலும் அப்படித்தான். ஆண்கள் முன்னால் பாய் விரித்து உட்கார்ந்திருப்பார்கள். பெண்கள் ஓரமாகத் தூணைப் பிடித்துக்கொண்டு நிற்பார்கள். ஒரு வருஷம் செயலாளர், "இதர செலவு 340 வெள்ளி" என்று படித்துவிட்டு அடுத்த வரிக்குப் போனார். பின்னாலிருந்து ஒரு பாட்டி, "தம்பி, அந்த இதரத்தைக் கொஞ்சம் பிரிச்சுச் சொல்லு" என்றார். கூட்டம் சிரித்தது. செயலாளருக்குக் கோபம் வந்துவிட்டது. விசாரித்துப் பார்த்ததில் ஒரு காசுகூடக் களவு போகவில்லை. மேளக்காரர் சாப்பாடும் லாரி வாடகையும்தான் அந்த 340 வெள்ளி. ஆனாலும் மறு வருஷக் கணக்கிலே "இதர" என்ற சொல் வரவே இல்லை.

இன்று நாம் பேசப்போவது அந்தப் பாட்டியின் கேள்வியை அமெரிக்க நாட்டின் செனட் சபையிலே பத்து ஆண்டுகள் கேட்டுக்கொண்டிருந்த ஒருவரைப் பற்றி. அவர் பெயர் டாக்டர் டாம் கோபர்ன். ஒக்லஹோமா மாநிலத்துக்காரர். குடியரசுக் கட்சியைச் சேர்ந்தவர். அந்த நாட்டிலே கன்சர்வேடிவ் என்று சொல்லப்படும் பழமைவாதிகளின் வரிசையில் முன்னால் நின்றவர். அரசாங்கம் சிறியதாக இருக்க வேண்டும், வரி குறைவாக இருக்க வேண்டும், இன்றைய செலவுக்காகப் பேரப்பிள்ளைகள் தலையில் கடனை ஏற்றக் கூடாது என்பது அவர்கள் கொள்கை. அந்தக் கொள்கையை நாம் ஏற்கிறோமா இல்லையா என்பது வேறு விஷயம். அதைச் சொல்பவர் பலர் உண்டு. சொன்னபடி தன் கட்சிக்காரரையே எதிர்த்து நின்றவர் சிலர்தான். கோபர்ன் அந்தச் சிலரில் ஒருவர்.

முதலில் ஆளைத் தெரிந்துகொள்வோம். 1948-ஆம் ஆண்டு பிறந்தவர். கல்லூரியிலே படித்தது கணக்கியல். தந்தையார் கண்ணாடி வில்லைத் தொழில் நடத்தியவர். அந்தத் தொழிலில் மகன் சில ஆண்டுகள் நிர்வாகம் பார்த்தார். புற்றுநோய் ஒன்று வந்து பிழைத்தபிறகு, முப்பது வயதுக்கு மேல் மருத்துவம் படிக்கப் போனார். 1983-இல் டாக்டரானார். பிறகு தம் ஊரான மஸ்கோகியில் பிரசவம் பார்ப்பதே முக்கிய வேலை. ஏறத்தாழ நாலாயிரம் குழந்தைகள் அவர் கையிலே பிறந்திருக்கின்றன. கணக்குப் பிள்ளையும் மருத்துவச்சியும் ஒரே ஆளாக அரசியலுக்கு வந்தார் என்று வைத்துக்கொள்ளுங்களேன்.

1995 முதல் 2001 வரை அவர் மக்கள் பிரதிநிதிகள் சபையில் இருந்தார். மூன்று தவணைக்கு மேல் நிற்கமாட்டேன் என்று முதலிலேயே சொல்லியிருந்தார். மூன்று முடிந்ததும் மூட்டை கட்டிக்கொண்டு ஊருக்குப் போய்விட்டார். அங்கே இருந்த காலத்தில், 1999-இல், விவசாயச் செலவு மசோதா ஒன்று பெருத்துவிட்டது என்று சொல்லி நூற்றுக்கும் மேற்பட்ட திருத்தங்களைக் கொண்டுவந்து சபையை ஓடவிடாமல் செய்தார். அப்போது சபையை நடத்தியது அவருடைய சொந்தக் கட்சி. 2005 சனவரியில் செனட் சபைக்குத் திரும்பி வந்தார். அங்கேயும் பிரசவம் பார்ப்பதை விடவில்லை. செனட்டர்கள் வெளித் தொழிலில் சம்பாதிக்கக் கூடாது என்று ஒழுங்குக் குழு சொன்னபோது, காசு வாங்காமல் பார்த்தார்.

அமெரிக்க வழக்கம் ஒன்றை இங்கே விளக்க வேண்டும். பெரிய செலவு மசோதா வரும்போது ஒவ்வோர் உறுப்பினரும் தன் ஊருக்கு ஒரு சாலை, ஒரு பாலம், ஒரு காட்சியகம் என்று ஓரமாகச் செருகிக்கொள்வார்கள். இதற்கு இயர்மார்க் என்று பெயர். ஆட்டுக்குக் காதிலே அடையாளம் வெட்டி, "இது என்னுடையது" என்று சொல்வதுபோலத்தான். உன் பாலத்துக்கு நான் கை தூக்குகிறேன், என் சாலைக்கு நீ கை தூக்கு என்று காரியம் நடக்கும். யாரும் யாரையும் கேள்வி கேட்பதில்லை.

2005-இல் நிறைவேறிய சாலைச் சட்டத்திலே அலாஸ்கா மாநிலத்துக்கு ஒரு பாலம் செருகப்பட்டது. கெட்சிகன் என்ற ஊரையும் எதிரே இருக்கும் கிரவினா தீவையும் இணைக்கும் பாலம். ஊரிலே சுமார் எட்டாயிரம் பேர். தீவிலே ஏறத்தாழ ஐம்பது பேர். ஊரின் விமான நிலையம் தீவிலே இருந்ததால் பாலம் வேண்டும் என்று கேட்டார்கள். அந்தக் கேட்பில் நியாயம் இல்லாமல் இல்லை. ஆனால் தோணியிலே சில நிமிஷத்தில் கடந்துவிடக்கூடிய தண்ணீர் அது. ஒதுக்கிய பணம் 22 கோடியே 30 லட்சம் டாலர். பத்திரிகைகள் இதற்கு "எங்கும் போகாத பாலம்" என்று பெயர் வைத்தன.

அதே ஆண்டு ஆகஸ்டு 29-ஆம் தேதி கத்ரீனா என்ற பெரும்புயல் லூயிசியானா மாநிலத்தைத் தாக்கியது. நியூ ஆர்லியன்ஸ் நகரம் நீரில் மூழ்கியது. அந்த நகரத்துக்கு வரும் நெடுஞ்சாலை, பான்சர்ட்ரெயின் ஏரியின்மேல் போகும் பாலம், துண்டு துண்டாக உடைந்து கிடந்தது. கோபர்ன் அக்டோபர் 20-ஆம் தேதி எழுந்து ஒரு திருத்தம் கொண்டுவந்தார். அலாஸ்காப் பாலத்துப் பணத்தை எடுத்து உடைந்த பாலத்துக்குக் கொடுப்போம் என்றார்.

இதைவிட எளிமையான கேள்வி இருக்க முடியுமா, நேயர்களே? ஆனால் சபையிலே இடி விழுந்ததுபோல ஆயிற்று. அலாஸ்காவின் செனட்டர் டெட் ஸ்டீவன்ஸ் 1968 முதல் அங்கே இருந்தவர், செலவுக் குழுவுக்குத் தலைவராக இருந்தவர், கோபர்னின் கட்சிக்காரர். இந்தப் பணத்தைத் தொட்டால் பதவியை விட்டே போய்விடுவேன் என்று முழங்கினார். வாக்கெடுப்பு நடந்தது. கோபர்ன் பக்கம் 15 பேர். எதிராக 82 பேர். பாலம் பிடித்திருந்ததால் அந்த 82 பேரும் எதிர்த்தார்கள் என்று நமக்குத் தோன்றவில்லை. இன்று அவன் பாலத்தைப் பிடுங்கினால் நாளைக்கு என் பாலத்தையும் பிடுங்குவார்கள் என்ற பயந்தான்.

தோற்றுப்போன திருத்தம் வேறு வேலை செய்தது. பத்திரிகைகள் இதை நாடெங்கும் கொண்டுபோயின. அடுத்த மாதமே சபை அந்தப் பாலத்துக்கென்று இருந்த நிபந்தனையை எடுத்துவிட்டது. ஆனால் பணத்தைத் திரும்ப வாங்கவில்லை. அலாஸ்கா இஷ்டம்போலச் செலவழிக்கலாம் என்று விட்டுவிட்டது! 2007-இல் அந்த மாநிலத்து ஆளுநர் பாலத் திட்டத்தைக் கைவிட்டார். இதிலே வேடிக்கை என்னவென்றால், பாலம் வந்து இறங்க வேண்டிய இடத்துக்குத் தீவிலே ஒரு சாலை போட்டுவிட்டார்கள். சுமார் ஐந்து கிலோமீட்டர். இரண்டரைக் கோடி டாலருக்கு மேல் செலவு. பாலம் இல்லை, சாலை மட்டும் இருக்கிறது.

இந்த அனுபவத்திலிருந்து கோபர்ன் ஒன்று கற்றுக்கொண்டிருக்க வேண்டும். சபைக்குள்ளே இருப்பவர்கள் ஒருவரையொருவர் கேட்கமாட்டார்கள். வெளியே இருக்கும் சனங்கள் கேட்க வேண்டும். சனங்கள் கேட்க வேண்டுமானால் கணக்கு அவர்கள் கண்ணிலே பட வேண்டும். 2006-இல் அவர் ஒரு மசோதா கொண்டுவந்தார். அரசாங்கம் எந்த நிறுவனத்துக்கு, எந்த அமைப்புக்கு, எவ்வளவு பணம் கொடுத்தது என்பதை யாரும் காசில்லாமல் கணினியிலே தேடிப் பார்க்கும்படி வைக்க வேண்டும் என்பது அதன் சாரம். அதற்கு அவருடன் கையெழுத்துப் போட்டவர் யார் தெரியுமா? எதிர்க்கட்சியைச் சேர்ந்த, அவரோடு சேர்ந்தே 2005-இல் செனட்டுக்கு வந்த இளைஞர் பராக் ஒபாமா. கொள்கையிலே இருவரும் வடதுருவம் தென்துருவம். இருந்தும் நண்பர்கள். பிற்காலத்தில் ஒபாமா அதிபரானபோது அவருடைய திட்டங்கள் பலவற்றைக் கோபர்ன் விடாமல் எதிர்த்தார். நட்பு மட்டும் அறுந்துபோகவில்லை.

அந்த மசோதாவை யாரோ ஒரு செனட்டர் இரகசியமாகத் தடுத்து வைத்திருந்தார். பெயர் சொல்லாமல் ஒரு மசோதாவை நிறுத்தி வைக்கும் வழக்கம் அப்போது அந்தச் சபையிலே இருந்தது. பொதுமக்கள் என்ன செய்தார்கள் என்றால், ஒவ்வொரு செனட்டர் அலுவலகத்துக்கும் தொலைபேசி போட்டு, "உங்கள் ஐயாவா தடுத்தது?" என்று வரிசையாகக் கேட்டார்கள். இல்லை, இல்லை என்று ஒவ்வொருவராகக் கழன்றுகொள்ள, கடைசியில் மாட்டியவர் நமக்கு முன்பே அறிமுகமான டெட் ஸ்டீவன்ஸ். எதிர்க்கட்சியின் மூத்தவர் ராபர்ட் பேர்டும் தாமும் தடுத்ததாக ஒப்புக்கொண்டார். பிறகு தடை விலகியது. 2006 செப்டம்பர் 26-ஆம் தேதி அதிபர் புஷ் கையெழுத்திட்டார். 2007 டிசம்பரில் கணக்கு எல்லோர் பார்வைக்கும் வந்தது.

கணக்கைச் சுவரில் ஒட்டிவிட்டால் மட்டும் அது சரியான கணக்காகிவிடாது என்பதையும் சொல்லிவிட வேண்டும். 2014-இல் அரசாங்கத் தணிக்கை அலுவலகம் ஆராய்ந்தபோது, 2012-ஆம் ஆண்டுக்குரிய சுமார் 61,900 கோடி டாலர் அந்தப் பட்டியலில் பதியப்படாமலே இருந்ததைக் கண்டுபிடித்தது. இலாக்காக்கள் எழுதி அனுப்பவில்லை. அதே 2014-இல் இதைச் சீர்படுத்த இன்னொரு சட்டம் போட வேண்டியிருந்தது.

அவர் செய்த இன்னொரு காரியம் நமக்கு அதிகம் பிடித்தது. 2010-இல், அரசாங்கம் கடன் வாங்கும் உச்சவரம்பை உயர்த்தும் சட்டம் வந்தபோது, அதனுடன் ஒரு விதியை ஒட்டவைத்தார். ஒரே வேலையை எத்தனை இலாக்காக்கள் செய்கின்றன என்று தணிக்கை அலுவலகம் ஆண்டுதோறும் எண்ணிச் சொல்ல வேண்டும். 2011-இல் முதல் அறிக்கை வந்தது. ஆசிரியர் தரத்தை உயர்த்த மட்டும் பத்து இலாக்காக்களில் 82 திட்டங்கள்! வேலைப் பயிற்சிக்கு ஒன்பது இலாக்காக்களில் 47 திட்டங்கள். மக்களுக்குச் சிக்கனமும் சேமிப்பும் கற்றுக்கொடுக்க 56 திட்டங்கள். சிக்கனத்தை 56 இடத்திலே உட்கார்ந்து கற்பிப்பதை என்னவென்று சொல்வது! ஒரே பிள்ளைக்கு மூன்று அத்தைமார் தனித்தனியே சோறு ஊட்டினால், பிள்ளைக்கு வயிறு வலிக்கும். அதே வேளையில் அடுத்த லயத்துப் பிள்ளை பட்டினியாக இருந்தாலும் யாருக்கும் தெரியாது. திட்டங்கள் ஒன்றின்மேல் ஒன்று விழுந்து கிடக்கும்போது நடப்பது இதுதான்.

இனி, அவரோடு நாம் ஒத்துப்போக முடியாத இடங்களுக்கு வருவோம்.

2010 முதல் 2014 வரை ஆண்டுக்கு ஒரு புத்தகம் வெளியிட்டார். விரயப் புத்தகம் என்று அதற்குப் பெயர். வீணான செலவு என்று அவர் கருதியவற்றைப் பட்டியல் போட்டு, சிரிப்பு வரும்படி எழுதியிருப்பார். பத்திரிகைக்காரர்களுக்கு விருந்து. ஆனால் சிரிப்பு எப்போதும் நியாயமாக இருக்காது. 2011-இல் அறிவியல் ஆராய்ச்சிப் பணத்தைப் பற்றித் தனியே ஓர் அறிக்கை விட்டார். அதிலே ஓர் இறால், ஓடும் பட்டைமேல் ஓடிக்கொண்டிருந்தது. இறாலை ஓடவைக்க ஐந்து லட்சம் டாலருக்கு மேல் செலவா என்று நாடே சிரித்தது. விஷயம் என்ன? நீரிலே பிராணவாயு குறைந்தால், கிருமி தொற்றினால், இறாலும் நண்டும் எப்படித் தாங்குகின்றன என்று பல ஆண்டுகளாக நடந்த ஆராய்ச்சி அது. அந்த ஓடும் பட்டையை ஆராய்ச்சியாளர் தம் சொந்தக் காசில், 47 டாலரில் செய்திருந்தார். இறால் வளர்த்துப் பிழைப்பவர்களுக்கும் வாங்கிச் சாப்பிடுகிற நமக்கும் அந்த ஆராய்ச்சி வேண்டியதுதான். கணக்குக் கேட்கிறவர் தம் கணக்கையும் சரியாக எழுத வேண்டாமா? இந்த இடத்திலே டாக்டர் சறுக்கிவிட்டார்.

இன்னொரு குறை. 2013 புத்தகத்தில் நூறு இனங்கள். கூட்டினால் ஏறத்தாழ 3,000 கோடி டாலர். அந்த ஆண்டு அமெரிக்க அரசாங்கத்தின் செலவு மூன்று லட்சம் கோடி டாலருக்கு மேல். நூற்றுக்கு ஒன்றுகூட வரவில்லை. வெற்றிலைப் பாக்கை நிறுத்தி வீட்டுக் கடனை அடைத்தவர் எவருமில்லை. இதற்கு அவர் கொடுத்த பதில்: சின்னச் செலவுதான் பெரிய செலவுக்கு வாசற்படி, தன் பாலத்துக்காகக் கை தூக்கியவன் அடுத்தவனின் பெரிய மசோதாவை எப்படி எதிர்ப்பான்? இந்தப் பதிலை நாம் தள்ளிவிட முடியவில்லை.

பெரிய செலவையும் அவர் தொட்டுப் பார்த்தார் என்பது உண்மை. 2010-இல் கடன் குறைப்புக் குழுவில் உறுப்பினராக இருந்து, அதன் திட்டத்துக்கு வாக்களித்தார். வரி வருவாயைக் கூட்டும் பகுதியும் அதிலே இருந்தது. அவருடைய கட்சிக்காரர்கள் பலருக்கு அது ஆகாத வார்த்தை. 18 பேரில் 14 பேர் ஆதரவு வேண்டியிருந்தது, 11 பேர்தான் ஆதரித்தார்கள், திட்டம் விழுந்தது. அந்தத் திட்டத்தில் முழு ஓய்வூதியம் பெறும் வயதை 2075-க்குள் 69 ஆக்கும் யோசனையும் இருந்தது. நாற்காலியில் உட்கார்ந்து எழுதுகிறவருக்கு 69 வேறு. செம்பனைக் குலை அறுத்துச் சுமக்கிறவருக்கு 69 வேறு. உடலால் முடியாதவர்களுக்கு விலக்கு உண்டு என்று ஒரு வழியும் சொல்லியிருந்தார்கள். ஆனாலும் விலக்குக்காக அலுவலகம் அலுவலகமாக ஏறி இறங்கும் கதை நம் குடும்பங்களுக்குத் தெரியாததா?

2011 ஜூன் மாதம், சோளத்திலிருந்து எரிசாராயம் எடுத்துப் பெட்ரோலில் கலக்கும் நிறுவனங்களுக்குக் கொடுத்துவந்த வரிச் சலுகையை நிறுத்த வேண்டும் என்றார். வரி கூடக் கூடாது என்று சபதம் எடுத்தவர்கள், சலுகையை நிறுத்துவதும் வரியைக் கூட்டுவதுதான் என்று அவர்மேல் பாய்ந்தார்கள். பணத்தைக் கையில் கொடுத்தால் என்ன, வாங்க வேண்டியதை வாங்காமல் விட்டால் என்ன, கஜானாவுக்கு இரண்டும் ஒன்றுதான் என்று அவர் வாதாடினார். 73 பேர் அவர் பக்கம் வாக்களித்தார்கள், 27 பேர் எதிர்த்தார்கள். 2005-இல் கிடைத்த 15 எங்கே, இந்த 73 எங்கே!

இராணுவத்தையும் அவர் விட்டுவைக்கவில்லை. பழமைவாதிகள் பொதுவாகத் தொடத் தயங்கும் இலாக்கா அது. படைக்குச் சம்பந்தமில்லாத ஆராய்ச்சியும் கடைகளும் பள்ளிகளும் அதற்குள்ளே குவிந்து கிடப்பதாக 2012-இல் ஓர் அறிக்கை எழுதினார். கணக்கை முழுமையாகத் தணிக்கைக்குக் காட்ட முடியாத இலாக்காவுக்கு மேலும் மேலும் பணம் எதற்கு என்று கேட்டார். அவர் செனட்டை விட்டுப் போனபிறகு, 2018-இல்தான் அந்த இலாக்காவில் முதல் முழுத் தணிக்கை நடந்தது. அன்று முதல் 2024 வரை ஒரு தடவைகூட அது தேறவில்லை.

மனத்தை உறுத்தும் விஷயம் இன்னும் இரண்டு உண்டு. 2001 செப்டம்பர் 11 தாக்குதலில் இடிந்த கோபுரங்களின் தூசியில் வேலை செய்து நோயாளியான தீயணைப்பு வீரர்களுக்கும் தொழிலாளிகளுக்கும் மருத்துவ உதவி கொடுக்கும் மசோதா 2010 டிசம்பரில் வந்தபோது, செலவு அதிகம் என்று சொல்லி அவர் தடுத்தார். நோயாளிகள் காத்துக்கொண்டிருந்தார்கள். கடைசியில் தொகையைச் சுமார் 430 கோடி டாலராகக் குறைத்தபிறகுதான் வழிவிட்டார். 2013 மே 20-ஆம் தேதி அவருடைய சொந்த மாநிலத்தில் மூர் என்ற ஊரைச் சுழற்காற்று அடித்துப் போட்டது. 24 பேர் இறந்தார்கள். ஒரு தொடக்கப் பள்ளியில் மட்டும் ஏழு பிள்ளைகள். அப்போதும் அவர், நிவாரணத்துக்குக் கொடுக்கும் பணத்தை வேறொரு செலவைக் குறைத்து ஈடுகட்ட வேண்டும் என்றார். தன் வீட்டில் எழவு விழுந்தபோதும் ஊருக்குச் சொன்ன பேச்சை மாற்றவில்லை என்று ஒரு சாரார் மெச்சினார்கள். பாடையைத் தூக்குமுன் பற்றுவரவு பார்க்கிற மனுஷனா என்று இன்னொரு சாரார் ஏசினார்கள். நாங்கள் இதை எங்களுக்குள்ளே வாதாடிப் பார்த்தோம். சாவு வீட்டுக்கு முதலில் அரிசியை அனுப்பிவிட வேண்டும், கணக்கை எட்டாம் நாள் பார்த்துக்கொள்ளலாம் என்றுதான் எங்களில் பெரும்பாலோருக்குத் தோன்றியது. ஆனால் எட்டாம் நாள் கணக்குப் பார்க்க ஒருவரும் வருவதில்லை என்று டாக்டர் கோபர்ன் திருப்பிக் கேட்டிருப்பார்.

புற்றுநோய் மறுபடியும் வந்திருந்த நிலையில், தவணை முடிய இரண்டு ஆண்டுகள் இருக்கும்போதே, 2015 சனவரியில் பதவியை விட்டு விலகினார். அவர் செனட்டுக்கு வந்தபோது அமெரிக்க அரசாங்கத்தின் கடன் சுமார் ஏழரை லட்சம் கோடி டாலர். விலகிய அன்று சுமார் 18 லட்சம் கோடி. 2020 மார்ச் 28-ஆம் தேதி தமது 72-ஆவது வயதில் காலமானார். அவர் பாடுபட்டு 2011-இல் நிறுத்திவைத்த இயர்மார்க் வழக்கம் 2021-இல் திரும்பி வந்துவிட்டது. கேட்கும் உறுப்பினரின் பெயரும் தொகையும் வெளியே எழுதிப் போடப்படுகின்றன. ஒரே வேலையைப் பலர் செய்வதைப் பற்றிய தணிக்கை அறிக்கை ஆண்டுதோறும் வந்தது. அதன் யோசனைகளைக் கேட்டு நடந்ததால் மிச்சமானதும் கூடுதலாக வந்ததும் சேர்த்து 65,000 கோடி டாலருக்கு மேல் என்று 2024 அறிக்கை கணக்குச் சொல்லியது. அந்தத் தொகையைச் சரிபார்த்து எழுதியதும் தணிக்கை அலுவலகந்தான். வரி வரியாகப் பிரித்துத்தான் போட்டிருக்கிறார்கள், "இதர" என்று போடவில்லை.